அளவுகோல் மாறிய கதை: சென்னைப் பல்கலைக்கழக வளர்ச்சியும் திருவள்ளூர் மண்ணும்

செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுவதை அறியாதார் இல்லை. அது திருத்தணியில் தோன்றிய தத்துவப் பேரறிஞர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதே செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிறந்த நாளும் ஆகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1857-ஆம் ஆண்டு அந்நாளில் இயற்றப்பட்ட சட்டத்தால் பல்கலைக்கழகம் பிறந்தது. சரியாக முப்பத்தோராண்டுகள் கழித்து, 1888-இல், அதே நாளில், அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணியில் ஓர் எளிய குடும்பத்தில் அக்குழந்தை பிறந்தது.

நாள் ஒத்தது தற்செயலே. ஆயினும் அந்தத் தற்செயல் ஒரு கேள்வியை எழுப்புகிறது. கடற்கரையில் நிற்கும் ஒரு பல்கலைக்கழகத்திற்கும், அதற்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், திருத்தணி ஆகிய ஊர்களுக்கும் உள்ள உறவு யாது? பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைப் பட்டதாரிகளின் எண்ணிக்கையாலும் கட்டடங்களின் உயரத்தாலும் அளப்பது வழக்கம். அதன் நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை நிதானமாகப் படிப்போர்க்கு வேறோர் உண்மை புலப்படும். அப்பல்கலைக்கழகம் தன் அளவுகோலைத் தானே திருத்திக் கொண்ட காலங்களில்தான் மெய்யாக வளர்ந்தது. அவ்வாறு திருத்தும்படி செய்தவர்களோ, பெரும்பாலும் அந்த அளவுகோலுக்குள் அடங்காதவர்கள்.

தேர்வு நடத்தப் பிறந்த கழகம்

பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் மக்களிடமிருந்து எழுந்தது. 1839-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், எழுபதாயிரம் பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் வாயிலாக ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதன் விளைவாக 1841-இல் உயர்நிலைப் பள்ளி ஒன்று தோன்றியது. பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857-இல் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன.

இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அக்கழகங்கள் பாடம் நடத்தவில்லை. ஆய்வுக் கூடமும் அவற்றுக்கு இல்லை. கல்லூரிகள் கற்பிக்கும், கழகம் தேர்வு நடத்தும், பட்டம் வழங்கும். அவ்வளவே அதன் பணி. ராபர்ட் சிஷோம் வடிவமைத்த செனட் மாளிகை 1874-இல் தொடங்கி 1879-இல் எழும்பி முடிந்த பின்னும் இந்நிலை மாறவில்லை. அவ்வளவு அழகிய மாளிகை வினாத்தாள்களுக்கும் பட்டமளிப்பு விழாக்களுக்குமே பயன்பட்டது.

பல்கலைக்கழகம் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1856 ஜூலை 1-ஆம் நாள், தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டிருந்தது. தலைநகரின் கல்லூரிக்கும் மேற்கே இருந்த சிற்றூர்களுக்கும் இடையிலான தொலைவு அன்றே சுருங்கத் தொடங்கியது. ஆயினும் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் கடல் கடந்தே வந்தார்கள். 1858-இல் முதன்முதலாகப் பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் அவர்கள்.

தாமோதரம் பிள்ளை பட்டத்தைப் பணிக்கான நுழைவுச் சீட்டாக மட்டும் கொள்ளவில்லை. ஏடுகள் செல்லரித்து அழிவதைக் கண்டு பதைத்த அவர், கிடைத்தவற்றை ஒப்புநோக்கி அச்சேற்றும் அரும்பணியில் வாழ்நாளைச் செலவிட்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு 1868-இலும், வீரசோழியம் 1881-இலும், பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இலும், கலித்தொகை 1887-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. இவ்வரிசையில் 1883-இல் வெளிவந்த ஒரு நூல் திருவள்ளூர் மாவட்டத்தார் மறக்கலாகாதது. அது கச்சியப்ப முனிவர் இயற்றிய தணிகைப் புராணம். பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி திருத்தணியின் புராணத்தை அச்சேற்றிய ஐந்தாம் ஆண்டில், அப்பல்கலைக்கழகத்தின் புகழ்மிக்க மாணவர்களுள் ஒருவர் அதே திருத்தணியில் பிறந்தார்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஏடு தேடுவதும் பாடம் ஒப்புநோக்குவதும் பல்கலைக்கழகம் தாமோதரம் பிள்ளைக்கு இட்ட பணிகள் அல்ல. அத்தகைய பணிக்கு அங்கே அன்று துறையும் இல்லை, பொருளும் இல்லை. பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய ஆய்வை அதன் முதல் பட்டதாரி தம் சொந்த முயற்சியால் வெளியே இருந்து செய்தார். வளர்ச்சியின் முதல் விதை அங்கே விழுந்தது.

தமிழுக்கு இடம் உண்டா என்ற வினா

அரை நூற்றாண்டு நெருங்கிய வேளையில் பல்கலைக்கழகம் தமிழைப் பொறுத்தவரை தடுமாறி நின்றது. 1902-இல் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை நீக்கிவிட்டு வடமொழியை வைக்கலாம் என்ற முயற்சி எழுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும், அவருடைய நண்பர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்துப் போராடினர். பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரையே தமிழாக்கிக் கொண்ட சாஸ்திரியார், பல்கலைக்கழக அவையினரை நேரில் கண்டு வாதாடினார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்ற கருத்தை அறிவுலகில் முன்வைத்தவரும் அவரே. 1903 நவம்பர் 2-ஆம் நாள், முப்பத்து மூன்றே வயதில், அவர் மறைந்தார். தமிழ் பாடத்திட்டத்தில் நின்றது. நடுவணரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்த 2004-ஆம் ஆண்டில் அவர் பெயர் மீண்டும் நாடெங்கும் நினைக்கப்பட்டது.

இதனோடு இணைத்து எண்ணத்தக்கவர் உ. வே. சாமிநாதையர். குருகுல முறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், பல்கலைக்கழகத்தின் எந்தத் தேர்வையும் எழுதியவர் அல்லர். கும்பகோணம் கல்லூரியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தவாறே சிந்தாமணியையும் சிலம்பையும் மணிமேகலையையும் சங்க நூல்களையும் அச்சில் தந்தார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. தன் தேர்வுக் கூடத்திற்குள் ஒருநாளும் மாணவராக அமராத ஒருவரிடம் அறிவின் உச்சம் இருந்ததைப் பல்கலைக்கழகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நாள் அது. அந்த ஒப்புதல் வருவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

தேறியவரும் தவறியவரும்

1906-ஆம் ஆண்டுச் சென்னையை மனக்கண்ணால் காண்பது பயன் தரும். ஒரே நகரில், ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்த இரு கல்லூரிகளில், ஏறத்தாழ ஒத்த வயதினரான இரு மாணவர்கள் பயின்றனர். பாரிமுனைப் பகுதியில் அன்று இருந்த கிறித்தவக் கல்லூரியில் திருத்தணி இராதாகிருஷ்ணன் தத்துவம் பயின்றார். பச்சையப்பன் கல்லூரியில் கும்பகோணம் இராமானுஜன் எஃப்.ஏ. வகுப்பில் இருந்தார். முன்னவர் தேர்வுகளைச் சிறப்புறக் கடந்தார். பின்னவர் கணிதம் தவிர ஏனைய பாடங்களில் மனம் செல்லாமல் அவ்வாண்டு இறுதியில் தவறினார். மறு ஆண்டு எழுதியபோதும் தேறவில்லை. பல்கலைக்கழகத்தின் அன்றைய அளவுகோல் ஒருவரை உயர்த்தியது, ஒருவரைத் தள்ளியது.

தள்ளப்பட்டவர் 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்களுக்கு முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு ஹார்டிக்கு எழுதிய மடல் உலகறிந்தது. துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், வானிலை ஆய்வாளர் கில்பர்ட் வாக்கரும், நகரத்துக் கணித ஆசிரியர்களும் அவருக்காகப் பரிந்து பேசினர். அதன் பயனாகப் பல்கலைக்கழகம், பட்டமே பெறாத அவ்விளைஞருக்கு, 1913 மே முதல் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை அளித்தல் ஒன்றே நிபந்தனை. மறு ஆண்டு அவர் இங்கிலாந்து சென்றதும், 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும், 1920-இல் சென்னையில் மறைந்ததும் வரலாறு.

இராமானுஜனைத் தவறவிட்டதும் அதே பல்கலைக்கழகம், அவருக்குக் கைகொடுத்ததும் அதே பல்கலைக்கழகம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அதன் உள்ளம் சற்றே திறந்தது. தேர்ச்சி வேறு, அறிவாக்கம் வேறு என்பதை அது விதிவிலக்காகவேனும் ஏற்றுக்கொண்டது. விதிவிலக்கு விரைவில் விதியாகியது. 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் கற்பிக்கும் உரிமையைத் தந்திருந்தது. 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய வரலாறு, மொழியியல், பொருளியல் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகமே பேராசிரியர்களை அமர்த்தத் தொடங்கியது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கற்பித்தலையும் ஆய்வையும் அதன் கடமைகளாக்கியது.

பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் செய்த ஒரு செயல் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1916-இல் அவர் தம் மாணவர்களைத் தத்தம் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பி, அங்குள்ள நிலம், நீர், கூலி, கடன், உணவு ஆகியவற்றை ஆராய்ந்து எழுதச் செய்தார். அவற்றின் தொகுப்பு 1918-இல் நூலாயிற்று. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர், படித்தவர் என்ற பெருமிதத்தோடு செல்லாமல், ஊரைப் படிப்பதற்காகச் சென்றனர். அதே கிராமங்கள் 1936-37-இல் மீண்டும் ஆராயப்பட்டன. பிற்காலத்தும் அறிஞர்கள் அவற்றைத் தேடிச் சென்றனர். கிராமம் பாடநூலாகலாம் என்பதைப் பல்கலைக்கழகம் கற்றது அப்போதுதான்.

திருத்தணி மாணவர் திருப்பித் தந்தவை

இராதாகிருஷ்ணனின் கதையும் வெறும் தேர்ச்சிக் கதை அன்று. திருத்தணியிலும், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் கற்று, 1904-இல் அவர் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். தத்துவத்தை அவர் தேர்ந்ததற்கு உயர்ந்த நோக்கம் ஏதும் அன்று காரணமாகவில்லை. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். விலைக்கு நூல் வாங்க வசதியில்லாத மாணவருக்கு அதுவே வழியைத் தீர்மானித்தது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று திறனாய்வாளர் சிலர் கூறியதற்கு மறுமொழியாக, முதுகலை மாணவராக இருந்தபோதே வேதாந்தத்தின் அறவியல் குறித்து ஆய்வுரை எழுதினார். 1908-இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு இருபது வயது. அவ்வாய்வுரையைப் பாராட்டியவர் கிறித்தவச் சமயப் பணிக்காக வந்திருந்த பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்பது ஆசிரியப் பண்புக்குச் சான்று. தம் தரப்போடு முரண்பட்ட மாணவரை அவர் மதித்தார்.

1909-இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரான இராதாகிருஷ்ணன், 1918-இல் மைசூருக்கும் 1921-இல் கல்கத்தாவுக்கும் சென்றார். 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கும், 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தராக இருந்தார். 1936-இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியராக அமர்ந்தார். இவை அனைத்தினும் நம் பொருளுக்கு நெருங்கியது 1948-இல் அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு. சாகிர் உசேன், மேகநாத் சாகா ஆகியோருடன், அன்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர்.

1949-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, நாட்டுப்புறத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெரும்பான்மை மக்கள் வாழும் கிராமங்களைத் தொடாத உயர்கல்வி முழுமையுறாது என்பது அதன் உட்கருத்து. 1956-இல் திண்டுக்கல்லை அடுத்துத் தோன்றிய காந்திகிராம ஊரக நிறுவனம் அந்தச் சிந்தனை மரபைச் சார்ந்தது. தேர்வு நடத்துவதற்கென்றே பிறந்த கழகத்தில் பட்டம் பெற்ற ஒருவர், நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் கிராமத்தை நோக்கித் திரும்பும்படி கேட்டார். புத்தகம் வாங்கப் பொருளின்றிக் கிடைத்த நூலைப் படித்தவருக்கு அக்கேள்வி பிறந்தது இயல்பே.

சொல்லும் கல்வெட்டும் உயிரணுவும்

இவ்விடைக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழுக்கு ஆற்றிய பெரும்பணி தமிழ்ப் பேரகராதி. 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மதுரையில் தொடங்கிய பணி பின்னர் சென்னைக்கு மாறியது. 1926-இல் ச. வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராகத் துணை நின்றார். 1924-இல் முதற்பகுதி வெளிவந்து, 1936-இல் ஆறு தொகுதிகள் நிறைவுற்று, 1939-இல் இணைப்புத் தொகுதியும் முடிந்தபோது, 1,17,762 சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. சொல், பொருள், மேற்கோள், வழக்கு என அனைத்தும் ஒரு கூரையின் கீழ் வந்தன. யாப்புக்குச் சொல் தேடும் கவிஞர் எவரும் அறிந்தோ அறியாமலோ அந்த உழைப்பின் கடனாளியே. தாமோதரம் பிள்ளை தனி ஒருவராகச் செய்ததைப் போன்ற பணியைப் பல்கலைக்கழகமே ஒரு தலைமுறைக் காலம் பொறுமையோடு செய்தது.

1936-இல் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் சேர்ந்த ரா. பி. சேதுப்பிள்ளை, ஊர்ப்பெயர்களுக்குள் உறைந்த வரலாற்றை 'தமிழகம் ஊரும் பேரும்' என்ற நூலாக 1946-இல் தந்தார். 1948-இல் மு. வரதராசன் தமிழியல் ஆய்வுக்காக இப்பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். திருப்பத்தூரில் வட்டாட்சி அலுவலக எழுத்தராக வாழ்வைத் தொடங்கி, வீட்டிலிருந்தே கற்று வித்துவான் தேர்வில் முதன்மை பெற்றவர் அவர். பின்னாளில் இத்துறைக்குத் தலைவராகி, மதுரைப் பல்கலைக்கழகத்திற்குத் துணைவேந்தராகவும் உயர்ந்தார்.

வரலாற்றுத் துறையில் 1929 முதல் பேராசிரியராக இருந்த க. அ. நீலகண்ட சாஸ்திரியார், 1935-இலும் 1937-இலும் சோழர் வரலாற்றை இரு பகுதிகளாக வெளியிட்டார். அவ்வரலாற்றுக்குச் சிறந்த சான்றுகளுள் ஒன்றாக அமைந்தவை முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள். காரைக்கால் அம்மையாரின் நினைவு நிறைந்த திருவாலங்காட்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், 1905-இல் கிடைத்தவை அவை. முப்பத்தோர் ஏடுகள் கொண்டவை. சோழர் குடிவழியையும் கங்கை வரை சென்ற படையெடுப்பையும் உரைப்பவை. தணிகை ஒரு மாணவரைத் தந்தது போல, ஆலங்காடு ஒரு சான்றைத் தந்தது.

அறிவியலிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த இலட்சுமணசாமி முதலியார், முப்பது வயதே ஆன கோ. நா. இராமச்சந்திரனை 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராக்கினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றை இணைத்து நிற்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஆய்வுக்கு வேண்டிய மாதிரி பக்கத்திலேயே இருந்த மைய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வகுத்த வரைபடம், புரதங்களின் அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் இன்றும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயராலேயே வழங்குகிறது. வினாத்தாள் அச்சிட்ட கழகம், உலகம் விடை தேடும் இடமாக உயர்ந்தது.

எல்லை சுருங்கியது, கடமை பெருகியது

புகழ் வளர வளரப் பல்கலைக்கழகத்தின் நிலப்பரப்பு சுருங்கியது. தென்னிந்தியா முழுவதையும் தன் ஆட்சியில் கொண்டிருந்த அது, மைசூர் 1916-இலும், ஆந்திரம் 1926-இலும், அண்ணாமலை 1929-இலும், திருவிதாங்கூர் 1937-இலும் தனிப் பல்கலைக்கழகங்கள் பெற்றபோது எல்லைகளை விட்டுக் கொடுத்தது. மதுரையும், கோவையும், திருச்சியும் பின்னர் பிரிந்தன. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றிய பின், சென்னையும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களுமே எஞ்சின. திருவள்ளூர் மாவட்டம் இன்றும் இப்பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் இருக்கிறது. தாய்க் கழகத்தின் மடியில் கடைசி வரை தங்கிய பிள்ளைகளுள் அதுவும் ஒன்று.

திருத்தணி அம்மடிக்குத் திரும்பியதே ஒரு போராட்டத்தால்தான். 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்ற அப்பகுதி, ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் தீர்ப்பின்படியும் 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அச்சுக் கோக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, தொடக்கப் பள்ளியைத் தாண்டாமலே சிலப்பதிகாரத்தில் துறைபோகிய ம. பொ. சி.யும், பல்கலைக்கழக அளவுகோலுக்கு வெளியே நின்ற பேரறிவுக்கு எடுத்துக்காட்டே.

1965-இல் பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி தொடங்கப்பட்டது. திருத்தணியிலும் முருகன் பெயரால் அரசு கலைக் கல்லூரி அமைந்தது. வண்டியேறிச் சென்னைக்குச் செல்ல இயலாத உழவர், மீனவர், கைத்தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, பட்டப்படிப்பு ஊருக்கு அண்மையில் வந்தது. 1981-இல் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் பொருளைக் கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களே நன்கு உணரும். சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகியபோது, முறைப் பணிக்குச் செல்வோர்க்கு வகுப்பறை எட்டாத பொருள். பாட ஏடுகள் அஞ்சலில் வர, இரவுப் பணி முடித்துப் படித்துப் பட்டம் பெறும் வழி அவர்களுக்குத் திறந்தது. வீட்டிலிருந்தே படித்துத் தேறிய மு. வ.வின் வழி பல்லாயிரவர்க்கும் உரியதாயிற்று.

கும்மிடிப்பூண்டி மற்றொரு நினைவையும் தாங்கி நிற்கிறது. ஈழத்துப் போரால் புலம்பெயர்ந்து வந்த தமிழர்களின் பெரிய முகாம்களுள் ஒன்று அங்கே உள்ளது. பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளும் யாழ்ப்பாணத்திலிருந்து அறிவு நாடி வந்தவர்கள். நூற்று முப்பதாண்டுகளுக்குப் பின் அதே கடலைக் கடந்து உயிர் காக்க வந்தோரின் பிள்ளைகள், ஒற்றை அறை வீடுகளில் விளக்கைச் சுற்றி அமர்ந்து படித்துக் கல்லூரிகளுக்குச் சென்றனர். தாமோதரம் பிள்ளைக்கு முதல் பட்டத்தை அளித்த பல்கலைக்கழகம், இப்பிள்ளைகளை அயலவர் எனக் கொள்ளல் இயலாது. அதன் வரலாறே அவர்கள் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது.

மண்ணில் எழுதிய பாடம்

2023-இல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு சென்னைப் பல்கலைக்கழகத்திற்குத் தன் உயர் தரமான ஏ இரட்டைக் கூட்டல் தகுதியை அளித்தது. அதே காலத்தில் நிதி நெருக்கடியும், நிரப்பப்படாத பேராசிரியர் இடங்களும் அதனை வருத்தின. ஒரு கை மதிப்பெண் தருகிறது; மறு கை வெறுமையைக் காட்டுகிறது. இராமானுஜன் காலத்தைப் போலவே இன்றும் அளவுகோலும் உண்மையும் ஒன்றாக இல்லை. பொன்னேரிக்கு அடுத்த கவரைப்பேட்டையிலும், ஆவடியிலும், திருவள்ளூரிலும் பொறியியல் கல்லூரிகள் பெருகின. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் எழுந்தது. கல்லூரி இல்லை என்ற குறை இப்பகுதிக்கு இனி இல்லை. இக்கல்லூரிகளில் இம்மண் ஆராயப்படுகிறதா என்பதே எஞ்சிய கேள்வி.

அக்கேள்விக்குத் துணையாக இம்மாவட்டத்திலேயே ஒரு சான்று உள்ளது. 1863-இல், பல்கலைக்கழகம் பிறந்து ஆறே ஆண்டுகள் ஆனபோது, நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் தம் தோழர் வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 1999-இல் தொடங்கிச் சென்னையின் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே ஆண்டுக்கணக்கில் அகழ்ந்தனர். அங்குள்ள தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையன என 2011-இல் 'சயின்ஸ்' இதழிலும், இடைப் பழங்கற்காலப் பண்பாடு அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என 2018-இல் 'நேச்சர்' இதழிலும் அவர்கள் வெளியிட்ட முடிவுகள், மனித குல வரலாற்றை எழுதுவோரை மறுபடி சிந்திக்க வைத்தன. பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அதனைச் செய்யவில்லை. ஒரு சிறு ஆய்வு மையத்தின் பொறுமையே அதனைச் செய்தது. தாமோதரம் பிள்ளையின் கதை மீண்டும் நிகழ்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வரலாறு காட்டும் நெறி தெளிவானது. யாழ்ப்பாணத்துப் பட்டதாரி ஏடு தேடினார். பல்கலைக்கழகம் பின்னர் அகராதி செய்தது. தேர்வில் தவறிய எழுத்தர் எண்களின் இரகசியம் கண்டார். பல்கலைக்கழகம் பின்னர் ஆய்வுதவி வழங்கக் கற்றது. பட்டமில்லாத தமிழாசிரியர் சங்க நூல்களை மீட்டார். பல்கலைக்கழகம் பின்னர் அவரை டாக்டர் என்றது. ஒவ்வொரு முறையும் அறிவு வெளியில் முளைத்தது. பல்கலைக்கழகம் காலந்தாழ்த்தியேனும் வாயிலைத் திறந்தது. அவ்வாறு திறந்ததே அதன் பெருமை. காலந்தாழ்த்தியது அதன் குறை.

இனி முளைப்பது எங்கே? பழவேற்காட்டு ஏரியின் உப்பங்கழியை வலைவிரித்து அறிந்தவர் வீட்டிலா, கும்மிடிப்பூண்டி உலைக்களத்தின் வெப்பத்தைத் தாங்கியவர் வீட்டிலா, முகாமின் ஒற்றை அறையிலா, தணிகை மலையடிவாரப் பள்ளியிலா என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்றுண்டு. இலக்கிய வட்டங்கள் பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியே கூடுகின்றன. ஊர்ச் சொற்களைக் கேட்டு எழுதுவதும், கோயிற் சுவரைப் படிப்பதும், முதியோர் நினைவைப் பதிவு செய்வதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாமலே அவற்றில் நடக்கின்றன. தணிகைப் புராணம் அவ்வாறே அச்சேறியது. செப்டம்பர் 5-ஆம் நாள் வரும்போதெல்லாம் திருத்தணியின் மாணவரையும் கடற்கரையின் பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே நினைவுகூர்வது தகும். வாயில் திறப்பதற்கு முன்னரே வெளியில் நின்று படித்தவர்களையும் அந்நாளில் நினைக்க வேண்டும்.